விதி எந்தக் கட்டத்தில் உடைந்தது? ஓவிய வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தமிழில் ஓவிய வரலாற்றுப் பாடம் எழுதுகிறவர்களுக்கும் அதை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கும், ஓவியம் வரைவதையும் கற்றுக்கொடுப்பதையும் தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நவீன ஓவியர்கள் மரபு விதிகளை உடைத்தார்கள் என்று எழுதும்போது எந்த விதி, எந்தப் படத்தில், வேலையின் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்போது பாடமாகச் சுற்றிவருவது பெரும்பாலும் மூன்று வாக்கியங்கள். கேமரா வந்தது. தத்ரூபமாக வரையும் தேவை போயிற்று. ஓவியர்கள் மனம்போல வரையத் தொடங்கினார்கள். மூன்றையும் மனப்பாடம் செய்த மாணவர் ஓர் அசல் படத்தின் முன்னால் நின்றால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை.

கேமராவிலிருந்தே தொடங்குவோம். டகுவேரின் புகைப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது 1839இல். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பிரான்சில் பதவியும் பதக்கமும் பெற்றவர்கள் ஜெரோம், புக்ரோ போன்ற ஓவியர்கள். கண்ணாடிபோல் வழவழப்பான படங்களை வரைந்தவர்கள். கேமரா அவர்கள் பிழைப்பைக் கெடுக்கவில்லை. ஜெரோமின் படங்களைப் புகைப்பட நகல்களாக்கி கூப்பில் நிறுவனம் பெரிய வியாபாரமே செய்தது. புகைப்படத்துக்குப் பங்கே இல்லை என்பதல்ல எங்கள் வாதம். பிரெஞ்சு ஓவியர் டெகாவின் படங்களில் சட்டத்தின் ஓரத்தில் உருவங்கள் பாதியாக வெட்டுப்பட்டு நிற்பதைப் பேசும்போது புகைப்படத்தையும் ஜப்பானிய மர அச்சுப் படங்களையும் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது பல இழைகளில் ஓர் இழை. அதையே முழுக் காரணமாக்கினால், ஓவியர் தன் கையால் எதை மாற்றினார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் விதி என்னவென்று தெரிய வேண்டும்.

பாரிசில் அரச ஓவிய, சிற்ப அகாதெமி 1648இல் தொடங்கியது. 1667இல் பெலிபியன் என்பவர் ஓவிய வகைகளைப் படிநிலையாக வரிசைப்படுத்தி எழுதினார். வரலாறும் புராணமும் உச்சியில், மனித உருவப்படம் அதற்குக் கீழ், உயிரற்ற பொருள்கள் அடியில். பின்னால் இது கான்வாஸின் அளவுக்கும் எழுதாத சட்டமானது: ஆள் உயரக் கான்வாஸ் தெய்வங்களுக்கும் வீரர்களுக்கும் உரியது. பிரெஞ்சு ஓவியர் குர்பே தன் சொந்த ஊரின் சாதாரணச் சவ அடக்கத்தை ஏறத்தாழ 315 × 660 செ.மீ. அளவில் வரைந்து 1850-51 சலோன் என்ற பாரிஸ் அரசுக் கண்காட்சியில் மாட்டியபோது எழுந்த கோபத்துக்கு அந்த அளவும் ஒரு காரணம். பாடநூலில் அந்தப் படம் தீப்பெட்டி அளவில் அச்சாகிறது. கோபம் எதற்கு என்று மாணவருக்கு எப்படிப் புரியும்?

பயிற்சிக்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் அச்சுப் படத்தைப் பார்த்து வரைதல், அடுத்து பிளாஸ்டர் சிலையைப் பார்த்து, கடைசியில் உயிருள்ள ஆளைப் பார்த்து. ஜெரோமின் துணையுடன் பார்க் என்பவர் 1866 முதல் 1871 வரை வெளியிட்ட 197 கல்லச்சுத் தாள்கள் இந்தப் பயிற்சிக்கான பாடப்புத்தகம். வான்கோ 1880-81இல் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு விடாமல் நகல் எடுத்துப் பழகினார். வான்கோவைப் படிக்காத மேதையாகக் காட்டும் பாடங்களில் இந்தத் தகவலுக்கு இடம் கொடுங்கள்.

இனி வண்ணம் பூசும் முறை. இதைத்தான் பாடங்கள் முழுக்க விட்டுவிடுகின்றன. எங்களுக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். அகாதெமி வழியில் ஒரு பெரிய படம் கட்டம் கட்டமாக வளரும். முதலில் சிறு தாள்களில் விரைவான கோட்டுக் குறிப்புகள். பிறகு, மொத்த அமைப்பும் வெளிச்சம் இருட்டும் எங்கெங்கே விழுகின்றன என்பதை மட்டும் காட்டும் சின்ன வண்ண வரைவு. பிறகு ஒவ்வொரு உருவத்துக்கும் ஆள் நிறுத்தித் தனி ஆய்வு வரைவு. அதைக் கட்டம் போட்டுப் பெரிய கான்வாஸுக்கு ஏற்றுவார்கள். அடுத்து அடிப்பூச்சு: நிழல் விழும் இடங்களில் காவியும் கறுப்பும் கலந்த பழுப்பை டர்பன்டைன் தாராளமாக விட்டு மெல்லிசாகத் தேய்ப்பார்கள், வெளிச்சம் படும் இடங்களில் வெள்ளை சேர்த்துக் கெட்டியாகப் பூசுவார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் கைத்திறமைக்குச் சோதனை. நெற்றியின் பளிச்சிலிருந்து கன்னத்தின் இருட்டுக்குப் போகும் வழியில் பல இடைத்தொனிகளை, அதாவது வெளிச்ச அளவின் இடைப்படிகளை, அடுத்தடுத்து வைத்து, ஒன்று இன்னொன்றில் கரையும்படி இழைக்க வேண்டும். உலர்ந்தபின் மேடுகளைக் கத்தியால் சுரண்டி, மேலே உண்மையான நிறத்தைப் பூசி, மென்மையான பிரஷால் தடம் தெரியாமல் தடவிவிட்டு, கடைசியில் வார்னிஷ்.

இதில் ஒரு வேதியியல் ஒழுங்கும் உண்டு. எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். அடியில் இருப்பது மெதுவாக உலர்ந்து அசையும்போது மேல்தோல் வெடிக்கும். நிழலுக்கு அழகான பழுப்பு தருகிறது என்று நிலக்கீலைக் கலந்தவர்கள் பலர். அது முழுக்க உலர்வதே இல்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றின் நிழல்கள் இன்று முதலைத் தோல்போல் பிளந்து கிடக்கின்றன. மரபு முறை என்றால் நீடித்து நிற்கும், நவீன முறை என்றால் சீக்கிரம் கெடும் என்று எழுதுவதற்கு முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இடைத்தொனி இழைப்பு எப்படி இருக்கும் என்று காட்ட நம் வாசகர்களுக்கு ஜெரோம் தேவையில்லை. நாள்காட்டிகளில் பார்த்துப் பழகிய ரவிவர்மாவின் பெண்களுடைய கன்னமும் கழுத்தும் போதும். அவர் பிறந்தது 1848. பிரெஞ்சு ஓவியர் மொனேவை விட எட்டு வயது இளையவர். அந்தக் கன்னத்தை ஒரு பக்கத்திலும் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மானேவின் ‘ஒலிம்பியா’ முகத்தை எதிர்ப்பக்கத்திலும் அச்சிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பிரெஞ்சுப் பட்டறைகளில் குறிப்பு, வரைவு, ஆய்வு, அடிப்பூச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கண்காட்சிச் சுவருக்குப் போகும் உரிமை கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே. நவீன ஓவியர்களின் முதல் பெரிய மீறல், இந்த வரிசையில் முன்னதாகவே நின்றுகொண்டு ‘படம் முடிந்தது’ என்றது. எங்கள் மடலின் சாரமும் இதுவே. அவர்கள் வேறொரு உலகத்திலிருந்து எதையும் கொண்டுவந்து இறக்கவில்லை. பட்டறையின் உள்ளறையில் இருந்ததை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

மானே, தொமா கூத்யூரிடம் 1850 முதல் 1856 வரை ஆறு ஆண்டுகள் பயின்றவர். 1863 சலோன் நடுவர் குழு அனுப்பப்பட்டவற்றில் பாதிக்கு மேல் தள்ளிவிட்டது. எழுந்த கூச்சலைக் கேட்டு பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நிராகரிக்கப்பட்ட படங்களுக்கென்றே தனிக் கண்காட்சிக்கு ஆணையிட்டார். அங்கே தொங்கியதுதான் இன்று ‘புல்வெளியில் பகலுணவு’ என்று நாம் அழைக்கும் படம். 208 × 264.5 செ.மீ. இதில் எது உடைந்தது, எது உடையவில்லை என்று பிரித்துக் காட்டுங்கள். முன்னால் அமர்ந்திருக்கும் மூவரின் அமைப்பு, ரஃபேலின் வரைவை வைத்து மார்க்கன்டோனியோ ரைமொண்டி செதுக்கிய அச்சுப் படத்திலிருந்து எடுத்தது. அதில் மரபு அப்படியே இருக்கிறது. உடைந்தவை வேறு. பின்னால் நீரில் குனிந்து நிற்கும் பெண், பக்கத்துப் படகோடு ஒப்பிட்டால் அந்தத் தூரத்துக்கு மிகப் பெரியவள். தூரம் கூடக்கூட உருவம் சிறுக்க வேண்டும் என்ற பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் பொருந்தமாட்டாள். முன்னால் இருப்பவளின் உடலில் வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுகிறது. நிழல் உடலின் விளிம்புக்கு ஒதுங்கிவிட்டது, நடுவில் இருக்க வேண்டிய இடைத்தொனிகளைக் காணோம். அடுத்து, மானே வேலைசெய்த முறை. உலர விட்டு அடுக்கடுக்காக ஏற்றும் பழக்கத்தை விட்டு, ஈரத்தின் மேல் ஈரமாகவே பூசினார். சரிவரவில்லை என்றால் மேலே திருத்தாமல் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஒரே மூச்சில் வரைந்ததுபோல் தெரியும் பரப்புக்குப் பின்னால் பல முறை சுரண்டிய கான்வாஸ் இருக்கிறது.

இதை வகுப்பில் புரியவைக்க ஒரு கோழிமுட்டை போதும். வெள்ளைத் துணி மேல் முட்டையை வையுங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில், முட்டையிலிருந்து 50 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். முதல் தாளில் கரிக்கோலால் ஐந்து தொனிகளில் ஷேடிங். பிறகு விளக்கை மாணவரின் தலைக்கு நேர் பின்னால், சற்று மேலே கொண்டுவாருங்கள். இரண்டாம் தாளில் மூன்றே போஸ்டர் கலர் கலவை: முட்டையின் வெள்ளை, விளிம்பு நிழல், துணியில் விழும் நிழல். வழக்கமாக நடக்கும் தவறு, மாணவர்கள் பயந்துபோய் நான்காவதாக ஒரு சாம்பலைக் கலந்து எல்லைகளை மழுக்குவது. மழுக்கினால் முட்டை உருண்டையாகவும் இருக்காது, தட்டையாகவும் இருக்காது, அழுக்காக இருக்கும். மூன்று கலவைக்கு மேல் அனுமதிக்காதீர்கள். வெள்ளையும் விளிம்பும் சரியான அகலத்தில் வந்துவிட்டால் தட்டையான பூச்சுக்குள்ளிருந்தே முட்டை எழுந்து நிற்கும். எந்த அளவுக்குக் கவனமாகப் பார்த்தால் மானேபோல் குறைக்க முடியும் என்பது அப்போது கைக்குத் தெரியும்.

மொனேவும் நண்பர்களுமான இம்ப்ரஷனிஸ்டுகள் பற்றிய பாடத்தில் வண்ண ட்யூபின் கதை எப்போதும் வரும். சரிதான்: ஜான் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் எண்ணெய் வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது. ஊசியால் குத்திப் பிதுக்கியபின் மிச்சம் சீக்கிரம் இறுகிவிடும். புதிய நிறங்களும் வந்திருந்தன. தெனார் 1802இல் உருவாக்கிய கோபால்ட் நீலம், 1820களில் கிமே செய்த செயற்கை அல்ட்ராமரின், 1859இல் கின்யே காப்புரிமை பெற்ற விரிடியன் பச்சை. ஆனால் ட்யூப் வந்ததால்தான் வெளியில் வரைந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். ட்யூபுக்கு முன்பே, 1825க்கும் 1828க்கும் இடையில், பிரெஞ்சு ஓவியர் கோரோ இத்தாலியில் வெயிலில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் அருமையான சிறு படங்களை வரைந்திருக்கிறார். அவருக்கு அவை ஆய்வு வரைவுகள். பட்டறையில் பெரிய படம் செய்யும்போது எடுத்துப் பார்க்க வைத்திருந்தவை. 1874 ஏப்ரல் 15 அன்று புல்வார் தெ கப்புசீன் 35ஆம் எண் கட்டடத்தில், புகைப்படக்காரர் நடாரின் பழைய ஸ்டுடியோவில், மொனேவும் நண்பர்களும் தொடங்கிய கண்காட்சி அந்த மாதிரி வரைவுகளைக் கையெழுத்திட்டு, சட்டமிட்டு, விலைபோட்டு மாட்டியது. வரையும் இடத்தைக் காட்டிலும் பெயர்ப்பலகை மாறியதே பெரிய மாற்றம்.

அந்தக் கண்காட்சியில்தான் ‘மனப்பதிவு: சூரிய உதயம்’ இருந்தது. வெறும் 48 × 63 செ.மீ. அதில் மொனே செய்த ஒரு காரியத்தை எல்லா மாணவர்களும் கைபேசியிலேயே பார்க்கலாம். படத்தின் நல்ல வண்ண நகலைக் கைபேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் ஏறக்குறைய மறைந்துபோகும். ஆரஞ்சு வட்டமும் சுற்றியுள்ள சாம்பல் நீல வானமும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. நிறத்தில் மட்டுமே வேறு. பிரகாசத்தைத் தொனியால் காட்டு என்பது அகாதெமி பாடம்: சூரியன் என்றால் படத்திலேயே மிக வெளுத்த இடம். மொனே சூரியனை வானத்தின் அளவுக்கு இறக்கிவிட்டு, நிறமோதலை மட்டும் நம்பினார். அதனால்தான் அந்த வட்டம் நிலையாக நிற்காமல் துடிப்பதுபோல் தெரிகிறது. வரைந்து பார்க்கச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் ஆரஞ்சில் வெள்ளையோ மஞ்சளோ கலப்பார்கள். அந்தக் கணமே துடிப்பு போய்விடும். ஆரஞ்சை ட்யூபில் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, சாம்பல் நீலத்தைத்தான் வெள்ளை சேர்த்து அதன் அளவுக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கலவையையும் கைபேசியில் சோதியுங்கள்.

இதோடு நிறுத்தினால் மொனே கண நேரத்தில் வரைந்து முடித்தவர் என்ற இன்னொரு பொய் ஒட்டிக்கொள்ளும். ரூவான் தேவாலயத்தை அவர் 1892, 1893 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கான்வாஸ்களில் வரைந்தார். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் 1894 வரை ஸ்டுடியோவில் திருத்தினார். இருபதை மட்டும் 1895இல் காட்டினார். அந்தப் பரப்பின் சொரசொரப்பு, உலர்ந்த பூச்சின் மேல் உலர்ந்த பூச்சாகப் பல முறை ஏறியது. ‘இம்ப்ரஷனிஸ்டுகள் கறுப்பை ஒழித்தார்கள்’ என்பதையும் நிபந்தனையோடு எழுதுங்கள். அவர்களோடு பழகிய மானே கடைசிவரை கறுப்பை ஆண்டவர்.

வண்ணத்தைப் புள்ளிகளாக வைத்து வரைந்த சூராவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். புள்ளி வைத்தால் மஞ்சளும் நீலமும் கண்ணுக்குள் பச்சையாகிவிடும் என்று பாடங்களில் எழுதுகிறார்கள். ஆகாது. பேலட்டில் கலந்தால் பச்சை வரும். புள்ளிகளாகத் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பலை ஒட்டிய ஒன்றுதான் வரும். கோபெலான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுத் தலைவர் செவ்ரோல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராயப்போய், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்; 1839இல் அதை நூலாக வெளியிட்டார். சூரா எடுத்துக்கொண்டது இந்த அண்டை நிறப் பாடத்தையே. அதாவது அகாதெமி விதியை விட்டு அதைவிடக் கறாரான விதிக்குப் போனார். 207.5 × 308 செ.மீ. அளவுள்ள ‘கிராந்த் ஜாத்’ படத்தில் அவர் நம்பிப் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள், சில ஆண்டுகளுக்குள்ளேயே பழுப்பேறியது. வெயில் விழும் புல்லில் இன்று தெரியும் மங்கல் புள்ளிகள் அவர் வைத்த நிறம் அல்ல. வான்கோவின் ‘படுக்கையறை’ சுவரும் அப்படித்தான்: அவர் கடிதத்தில் வெளிர் ஊதா என்கிறார், நாம் பார்ப்பது நீலம். கலவையில் இருந்த சிவப்பு வெளுத்துவிட்டது. நிற ஆய்வுக் கேள்வி எழுதும் முன் இதை ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பிரெஞ்சு ஓவியர் செசானுக்கு நீங்கள் ஒதுக்கும் இடத்தை இரு மடங்காக்கக் கேட்கிறோம். இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இல் எழுதிவைத்த விதி இது: படம் ஒரு சாளரம், பார்ப்பவருக்கு ஒரே கண், அது அசையாது, பின்னோக்கி ஓடும் இணைகோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் சேரும். நானூற்றைம்பது ஆண்டுகள் அசையாத அந்தக் கண்ணை செசான் அசைத்தார். சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஆப்பிள் கூடை’ படத்தில் மேசையின் முன்விளிம்பை இடமிருந்து வலமாக அளவுகோல் வைத்துப் பாருங்கள். துணிக்கு இடப்பக்கம் ஒரு மட்டம், வலப்பக்கம் வேறு மட்டம். தொங்கும் துணி, இணையாத இடத்தை மூடிக்கொண்டிருக்கிறது. புட்டி சாய்கிறது. இது கைப்பிழை அல்ல. பொருள்களை அடுக்கும்போதே, பழங்களுக்கு அடியில் சில்லறைக் காசுகளைச் செருகி அவற்றை வேண்டிய கோணத்துக்குச் சாய்ப்பாராம். கூட இருந்து பார்த்த இளம் ஓவியர் லூயி லெ பெய் சொன்னது. வெகு மெதுவாக வரைந்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைச் சற்று திருப்பினால் பொருள்களின் உறவு மாறுகிறது. அந்த மாற்றங்களையெல்லாம் ஒரே தாளில் இருக்கவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர் விசாரணை.

இயற்கையை உருளை, கோளம், கூம்பு கொண்டு அணுகு என்று 1904இல் ஓவியர் எமில் பெர்னாருக்கு அவர் எழுதிய வாக்கியத்தை, கனசதுரத்தால் பெயர் பெற்ற கியூபிச ஓவிய இயக்கத்தின் சூத்திரமாக அச்சிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் கனசதுரமே இல்லை. அதே கடிதம் பெர்ஸ்பெக்டிவ் பற்றித்தான் தொடர்கிறது.

பயிற்சி: மேசை, சுருக்கம் விழுந்த துணி, நான்கு எலுமிச்சை, இரண்டு கத்தரிக்காய், ஒரு தட்டு. துணி மேசையின் முன்விளிம்பை நடுவில் மறைக்க வேண்டும். தாளின் இடப் பாதியை உட்கார்ந்தும் வலப் பாதியை நின்றும் வரையச் சொல்லுங்கள். பார்வைக் கோணங்களைக் கலப்பது இரண்டு இடங்களில் மட்டும்: தட்டின் வாய்வட்டம், மேசை விளிம்பு. எல்லாவற்றையும் சாய்த்தால் படம் நிலநடுக்கம்போல் ஆகிவிடும். சாயாத ஒன்று இருந்தால்தான் சாய்ந்தது தெரியும். ஒரு வகுப்பு நேரம் போதாது, தொடர்ந்து இரண்டு வேண்டும்.

ஓவியர் மத்தீஸைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கஷ்டப்பட்டுப் பணம் புரட்டி 1899இல் செசானின் ‘குளிக்கும் மூவர்’ படத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டவர். 1905இல் மனைவியின் முகத்தை 40.5 × 32.5 செ.மீ. கான்வாஸில் வரைந்தபோது, வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சந்திக்கும் இடத்தில், இடைத்தொனி இழைக்க வேண்டிய அதே இடத்தில், நெற்றியிலிருந்து கீழே ஒரு பச்சைப் பட்டையை இறக்கினார். விதியின் இடம் அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. விதியை அறியாதவர் அந்தப் பட்டையை வேறெங்காவது போட்டிருப்பார்.

பிறகு பிக்காசோ. ஓவிய ஆசிரியரின் மகன். பதினைந்து வயதுக்குள் பிளாஸ்டர் சிலைப் பயிற்சிகளை முடித்தவர். ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ 1907இல் வரையப்பட்டாலும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1916இல்தான். அது வந்ததும் உலகம் அதிர்ந்தது என்று எழுத வேண்டாம். 1912இல் அவர் பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைக் கான்வாஸில் ஒட்டினார். அதே ஆண்டு ஓவியர் பிராக், மர வரிகள் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். பிரம்பையும் மர வரியையும் அசல்போல் வரைவது பழைய பட்டறைத் திறமைகளில் ஒன்று. இங்கே அந்த வேலையைத் தொழிற்சாலை அச்சு செய்து கொடுத்துவிட்டது.

நம் பக்கத்துத் தொடர்பையும் ஒரு பத்தியில் சேர்க்கலாம். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளி தொடங்கியதிலிருந்து ஐரோப்பியப் பயிற்சி முறை இங்கே வேர்விட்டது. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1930 முதல் 1934 வரை பாரிசின் அரசுக் கலைப்பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி, அஜந்தாவையும் தென்னாட்டையும் பார்த்தபின் 1937இல் வரைந்த படங்களில் இழைப்பைக் குறைத்து, பரப்புகளைத் தட்டையாக்கினார். மானே விட்டதையே அவரும் விட்டார். போய்ச் சேர்ந்த இடம் வேறு.

அச்சு பற்றிச் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவைச் செ.மீ.இல் போடுங்கள், பக்கத்தில் 160 செ.மீ. உயர மனித நிழலுருவம் ஒன்றைச் சிறிதாக வரைந்துவிட்டால் குர்பேவும் மொனேவும் ஒரே அளவாகத் தெரிய மாட்டார்கள். பிரஷ் தடம் தெரியும்படி ஒரு துண்டையாவது, கான்வாஸில் 10 × 10 செ.மீ. உள்ள பகுதியை, அசல் அளவில் அச்சிடுங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள், டெகாவை வெட்டினால் அவர் வெட்டியதும் அச்சகம் வெட்டியதும் ஒன்றாகிவிடும். செலவைக் குறைக்கச் சில பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் அடிக்க வேண்டியிருந்தால் ஜெரோமையும் மானேவையும் அதில் போடலாம், நட்டம் கொஞ்சம்தான். மொனேவின் சூரிய உதயத்தை மட்டும் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். அங்கே சூரியன் இருக்காது.

இப்படிக்கு,
ஓவியம் வரைவோரும் கற்பிப்போருமான சிலர்